வலையில் சிக்கிய திருக்கையை உயிரோடு கடலில் விடுவது: மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளுக்கான முழுமையான வழிகாட்டி

கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, நிந்தவூர், திருக்கோவில் என்று எந்தக் கரையில் நின்று பார்த்தாலும், கரைவலையின் மடி (மீன் சேரும் பை) ஏறும்போது நெத்தலிக்கும் கீரி மீனுக்கும் அடியில் இரண்டொரு திருக்கை கிடக்கும். யாரும் அதைத் தேடி வலை வளைக்கவில்லை. விட்டுவிடலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் மடி மணலுக்கு வந்து, மீனைக் கூடையில் அள்ளத் தொடங்கிய பிறகுதான் எப்படி விடுவது என்று யோசிக்கிறார்கள். அதற்குள் திருக்கை பாதி செத்துவிடும்.

கரைவலையிலும் செவுள் வலையிலும் தெரியாமல் சிக்கும் திருக்கையை உயிரோடு திருப்பி அனுப்ப என்ன வரிசையில் வேலை செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே இருக்கிறது. வரிசையை மாற்றாதீர்கள். பெரும்பாலான திருக்கைகள் செத்துப்போவது ஒன்றை முன்னும் பின்னுமாகச் செய்வதால்தான்.

1. எதை விடுவது என்று வலை வளைக்குமுன் பேசி முடியுங்கள்

மடியைச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது விவாதம் நடத்த முடியாது. வலை சம்மாட்டியுடையது, பிடிபாடு எல்லாருக்கும் பங்கு. ஆகவே முதல்நாள் பின்னேரம் வாடியில் (கரையோரக் கொட்டிலில்) இருக்கும்போதே சம்மாட்டியோடும், வலை இழுவையை நடத்தும் மண்டாடியோடும் பேசுங்கள்.

“எல்லாத் திருக்கையையும் விட வேண்டும்” என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். பெரிய திருக்கைக்குச் சந்தையில் விலை உண்டு, கருவாட்டுக்கும் போகும். “காக்கா (அண்ணன்), சின்னனையும் சினையையும் விடுவம், மற்றதை நீங்களே பாருங்க” என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சின்னத் திருக்கைக்கு விலை இல்லை. சினை வயிற்றோடு இருப்பதை வெட்ட பல தொழிலாளிகளுக்கே மனம் வராது.

குறைந்தது இந்த நான்கையும் விடுவதாக ஒத்துக்கொள்ளுங்கள்: குட்டிகள், சினைப்பட்டவை, தலையில் இரண்டு கொம்பு போல மடல் உள்ள கொம்புத் திருக்கை (சில கரைகளில் ஆனைத்திருக்கை என்பார்கள்), முன்பாதி திருக்கை போலவும் பின்பாதி சுறா போலவும் இருக்கும் கிட்டார் மீன்.

கடைசி இரண்டையும் சேர்க்கக் காரணம் உண்டு. கொம்புத் திருக்கை ஒரு ஈற்றுக்குப் பொதுவாக ஒரே ஒரு குட்டிதான் போடும். வயிற்றில் ஏறத்தாழ ஒரு வருடம் சுமக்கும், அடுத்த குட்டிக்குப் பல வருடம் எடுக்கும். ஒரு நெத்தலிக் கூட்டம் அடுத்த பருவத்தில் மீண்டுவிடும், இது மீளாது. கிட்டார் மீன்களில் பெரிய இனங்கள் செட்டைக்காக உலகம் முழுக்கப் பிடிக்கப்பட்டு அழியும் விளிம்பில் நிற்கின்றன. சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் வர்த்தகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் பெரிய கொம்புத் திருக்கைகள் 2013 இலும், அவற்றின் சிறிய உறவுகள் 2016 இலும், பெரிய கிட்டார் மீன்கள் 2019 இலும் சேர்க்கப்பட்டன. அந்த உடன்படிக்கை நாடுவிட்டு நாடு போகும் வியாபாரத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, நம் கரையில் மடிக்குள் கிடப்பதை அது காப்பாற்றாது.

2. சாமான்களை மடி ஏறும் இடத்தில் வையுங்கள்

பெரிய செலவு ஒன்றும் இல்லை:

- ஆறடி நீளத் தறப்பாள் ஒன்று. இரண்டு பக்கமும் பிடிக்க ஓரத்தில் முடிச்சுப் போட்டுக் கொள்ளுங்கள். 
- கடல் தண்ணீரில் ஊறிய உரச்சாக்கு இரண்டு. 
- வாளி ஒன்று. 
- முனை மழுங்கிய கத்தி அல்லது வலை பின்னுபவர்கள் வைத்திருக்கும் சின்னக் கத்தரிக்கோல். கூர்முனைக் கத்தி கூட்டத்தில் ஆளைக் குத்தும், திருக்கையின் தோலையும் கிழிக்கும். 
- நீண்ட மூக்குக் குறடு. 
- கணுக்காலுக்கு மேல் வரும் சப்பாத்து. 
- சுடுதண்ணீர்ப் போத்தல். இது திருக்கைக்கு அல்ல, உங்களுக்கு. 10ஆம் படியைப் பாருங்கள்.

கையுறை போட்டால் போதும் என்று நம்பி வருகிறார்கள். சாதாரண ரப்பர் கையுறையையும் துணிக் கையுறையையும் திருக்கை முள் ஊடுருவிப் போகும். வலைக்கயிறு கையை அறுக்காமல் இருக்கக் கையுறை உதவும், அவ்வளவுதான். முள்ளிலிருந்து காப்பது எட்ட நிற்பதும் ஈரச் சாக்கும்தான்.

சாமான்களை வாடியில் வைத்துவிட்டு வராதீர்கள். வாடிக்கு ஓடிப்போய் வரும் நேரத்தில் வேலை கெட்டுப்போகும்.

3. ஆட்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மூன்று பேர் வேண்டும். இரண்டு பேர் தறப்பாளுக்கு, ஒருவர் வாலுக்கு. வால் பார்ப்பவர் வேறெந்த வேலையும் செய்யக்கூடாது, போனில் படம் எடுக்கவும் கூடாது. திருக்கை குத்திய கதைகளில் பெரும்பாலும் வாலை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சின்னப் பிள்ளைகள் மடியைச் சுற்றி வருவார்கள். அவர்களை எட்ட நிறுத்த ஒரு பெரியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. மடி தண்ணீரில் இருக்கும்போதே தொடங்குங்கள்

வழிகாட்டியின் மிக முக்கியமான படி இதுதான்.

திருக்கைக்கு எலும்பு இல்லை, குருத்தெலும்பு மட்டும்தான். உள்ளுறுப்பைக் காக்க விலாவும் இல்லை. தண்ணீர் தாங்கும் வரை அதன் உடம்புக்கு ஒன்றும் ஆகாது. மணலுக்கு வந்ததும் அதன் சொந்தப் பாரமே வயிற்றை நசுக்கும். கரைவலையில் அதற்கு மேல் மீன் பாரமும் விழும், ஏனென்றால் தட்டையாக அடியில் கிடப்பது அதுதான். சில இடங்களில் உழவு இயந்திரம் பூட்டி வலை இழுக்கிறார்கள். அப்போது மடி மணலில் உரசிக்கொண்டு வேகமாக ஏறும், அடியிலுள்ள செவுளுக்குள் மணல் அடைத்துவிடும்.

ஆகவே மடி முழங்கால் அளவு தண்ணீருக்கு வந்ததும் இழுவையைச் சற்று நிறுத்தச் சொல்லுங்கள். முதல்நாளே பேசிவிட்டிருந்தால் மண்டாடி ஒரு குரலில் நிறுத்திவிடுவார். அந்த இடைவெளியில் மடியின் வாயைக் கொஞ்சம் தாழ்த்தி, திருக்கை கிடக்கும் பக்கத்தைத் தறப்பாளுக்கு நேரே கொண்டு வாருங்கள். சின்ன மீன் கொஞ்சம் வெளியே போகும் என்று சிலர் முணுமுணுப்பார்கள். மடியை இரண்டு பேர் கையால் உயர்த்திப் பிடித்தால் அவ்வளவாகப் போகாது.

அலை பெரிதாக இருந்து நிறுத்த முடியாத நாளில், மடி ஏறியதும் மீனை அள்ளுமுன் திருக்கையை எடுங்கள். “மீனை முதலில் எடுப்போம், திருக்கை சாகாது” என்பது ஒவ்வொரு கரையிலும் கேட்கும் பேச்சு. அது அசைவதால் அப்படித் தோன்றுகிறது. கடைசி மீனை அள்ளி முடித்துத் தூக்கும்போதும் வால் அசையும். ஆனால் தண்ணீரில் விட்டால் தலைகீழாக அமிழ்ந்து போகும்.

5. பல திருக்கை இருந்தால் யாரை முதலில்?

புதியவர்கள் கைக்கு எட்டியதை எடுப்பார்கள், அல்லது பெரிதை எடுப்பார்கள். மூச்சு விடும் விதத்தைப் பார்த்து எடுக்க வேண்டும்.

மணலில் படுத்து வாழும் திருக்கையின் கண்ணுக்குப் பின்னால் ஒரு துளை இருக்கும். குனிந்து பார்த்தால் அது மூடித் திறப்பது தெரியும். அதன் வழியாகத் தண்ணீரை இழுத்து அடியிலுள்ள செவுள்வழி விடும். அசையாமல் கிடந்தே மூச்சு விடத் தெரிந்ததால் இவை கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும்.

கொம்புத் திருக்கைக்கு அது முடியாது. ஓயாமல் நீந்தித் தண்ணீர் செவுளுக்குள் போனால்தான் அதற்கு மூச்சு. வலையில் அசைவு நின்ற கணமே அதற்குத் திணறல் தொடங்கிவிடும். பறவை போல இறகு விரித்து நீந்தும், முதுகில் வெள்ளைப் புள்ளி போட்ட திருக்கையும் ஓயாமல் நீந்திப் பழகியது, வலைக்குள் சீக்கிரம் களைத்துவிடும்.

ஆகவே வரிசை: முதலில் கொம்புத் திருக்கையும் புள்ளித் திருக்கையும், அடுத்துச் சினைப்பட்டவை, பிறகு குட்டிகள், கிட்டார் மீன்கள், கடைசியில் மணல் திருக்கைகள். காத்திருப்பவற்றின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருங்கள். கண்ணுக்குப் பின்னால் உள்ள துளையை மட்டும் சாக்கு மூடக்கூடாது.

6. முள்ளை அடக்குங்கள், வெட்டாதீர்கள்

முள் வாலின் நுனியில் இல்லை. சாதாரணத் திருக்கையில் வாலின் மேற்பக்கத்தில், அடிக்கும் நடுவுக்கும் இடையில் இருக்கும். புள்ளித் திருக்கையில் வால் தொடங்கும் இடத்திலேயே, உடம்போடு ஒட்டி இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளும் இருக்கலாம். வால் நுனியைப் பிடித்துக்கொண்டால் பத்திரம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் தப்பு விடுகிறார்கள். கிட்டார் மீனுக்கு இந்த முள் இல்லை.

ஈரச் சாக்கை நான்காக மடித்து வாலின் அடியிலிருந்து பாதி வரைக்கும் போட்டு, மேலிருந்து அழுத்திப் பிடியுங்கள். பக்கவாட்டில் நில்லுங்கள், வாலுக்கு நேர் பின்னாலோ தலைக்கு நேர் முன்னாலோ வேண்டாம். வாலை மேலே தூக்கி முன்னோக்கி அடிக்கும் என்பதால் தலைப்பக்கமும் பாதுகாப்பு இல்லை.

முள் வலைக்கண்ணில் மாட்டியிருந்தால் கண்ணை வெட்டுங்கள். இரண்டு மூன்று கண் போனால் வலையைத் தைத்துக்கொள்ளலாம். முள்ளின் இரண்டு ஓரமும் பின்னோக்கிய பற்களைக் கொண்டது, இழுத்தால் மேலும் இறுகும். வாலை வெட்டி விட்டுத் திருக்கையை “விடுதலை” செய்வதையும் பார்க்கிறோம். சுறா வந்தால் காட்ட அதற்கு வேறு ஆயுதம் இல்லை, வெட்டிய இடத்தில் இரத்தமும் போகும். அப்படி விட்டதை விட்டதாகக் கணக்கில் எடுக்க முடியாது.

7. தூக்குவது

தறப்பாளைத் தண்ணீரில் நனைத்து, திருக்கையின் தலைப்பக்கமாக அடியில் நுழைத்துவிடுங்கள். வயிறு கீழே இருக்கும்படி வைத்து இரண்டு பேரும் ஒரே நேரம் தூக்குங்கள்.

செய்யக்கூடாதவை:

- வாலைப் பிடித்து இழுப்பது. முழுப் பாரமும் முதுகுத் தண்டில் விழும். 
- கண்ணுக்குப் பின்னாலுள்ள துளைக்குள் விரல் விட்டுத் தூக்குவது. பிடிக்க வசதியான இடம் போலத் தெரியும், மூச்சுக் குழியை அது கிழித்துவிடும். 
- செவுளுக்குள் கொளுக்கி போடுவது, இறகில் ஓட்டை போட்டுக் கயிறு கட்டுவது. 
- ஆணா பெண்ணா என்று பார்க்கத் தலைகீழாகப் புரட்டுவது.

செவுளிலோ மூச்சுத் துளையிலோ பிடித்துத் தூக்குவது, கொளுக்கியால் குத்துவது, உடம்பில் துளை போடுவது ஆகிய மூன்றையும் கொம்புத் திருக்கை இனங்களுக்குத் தடைசெய்து இந்து சமுத்திரச் சூரை மீன் ஆணைக்குழு 2019 இல் தீர்மானம் எடுத்தது. இலங்கை அதில் உறுப்பு நாடு. வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: கொம்புத் திருக்கையை வேண்டுமென்று வளைப்பதும், படகில் வைத்துக்கொள்வதும் அந்தத் தீர்மானப்படி கூடாது. வீட்டுத் தேவைக்குப் பிடிக்கும் சிறு தொழிலுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கையகலக் குட்டிகளுக்குத் தறப்பாள் தேவையில்லை. பிளாஸ்டிக் கூடையில் தண்ணீரோடு அள்ளிக்கொண்டு போங்கள். குட்டிக்கும் முள் உண்டு, பிறக்கும்போதே உண்டு.

8. விடும் இடம்

அலை உடையும் இடத்தில் எறிந்துவிட்டுத் திரும்பி வருவதுதான் அதிகம் நடக்கிறது. அடுத்த அலை அதைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுவரும், புரட்டும், மணலை அடைக்கும். கொஞ்ச நேரத்தில் காகங்கள் கூடும்.

இடுப்பளவு தண்ணீர் வரை தறப்பாளிலேயே கொண்டு போங்கள். தலையைக் கடல் பக்கம் திருப்புங்கள். தறப்பாளைத் தாழ்த்தி, அதுவாக இறகு அடிக்கும் வரை அடியில் தாங்கிக்கொண்டிருங்கள். மணல் திருக்கை என்றால் மூச்சுத் துளை ஒரு சீராக மூடித் திறக்கத் தொடங்கும், அதைப் பார்த்த பிறகு விடுங்கள். முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். பின்னோக்கி இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் எதிர்ப்பக்கமாகப் போகும்.

பக்கத்து வலை வளைத்திருக்கும் பக்கம் விடாதீர்கள். ஒரே திருக்கை காலையில் இரண்டு மடியில் ஏறினால் பிழைக்காது. வாவியில் பிடிபட்டதை வாவியிலேயே, கடலில் பிடிபட்டதைக் கடலிலேயே விட வேண்டும். கடல் தூரம், வாவி கிட்ட என்று பார்த்து மாற்றி விடுபவர்கள் உண்டு, உப்பின் அளவு சட்டென்று மாறினால் களைத்துப்போன திருக்கை தாங்காது.

ஐப்பசியில் கடல் எழும்பத் தொடங்கி, இடுப்பளவுக்கு இறங்க முடியாத நாள் வரும். அன்று ஆளைப் பணயம் வைக்க வேண்டாம். தோணி இருந்தால் அலைக்கு அப்பால் கொண்டுபோய் விடுங்கள், இல்லையென்றால் இரண்டு அலைக்கு நடுவில் வரும் அமைதியைப் பார்த்து முழங்கால் ஆழத்தில் விட்டுவிட்டு மேலேறுங்கள்.

விட்ட பிறகு சற்று நேரம் கழித்து, நீரோட்டம் போகும் திசையில் கரையோரம் நடந்து பாருங்கள். ஒதுங்கியிருந்தால் இன்னொரு முறை கொண்டு போகலாம்.

9. சினைத்திருக்கை

நம் கரைவலையில் ஏறும் திருக்கைகள் முட்டை இடுவதில்லை, குட்டி போடும். வலைக்குள் அழுத்தம் ஏறினால் நாள் வருமுன்னே குட்டியைத் தள்ளிவிடும். முதலில் வால் பக்கத்தில் ஒரு சுருள் போலத் தெரியும். அது இறகு இரண்டையும் மடித்துச் சுருண்டு வரும் குட்டி, தண்ணீர் பட்டதும் விரியும். மடியைக் கொட்டிய இடத்தில் இப்படி மூன்று நான்கு சுருள் கிடந்தால், தாய் எங்கோ அடியில் இருக்கிறது என்று அர்த்தம். உடனே தேடுங்கள்.

முதுகின் பின்பாதி இரண்டு பக்கமும் மேடாக உப்பியிருந்தால் சினை என்று எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றை அழுத்திப் பார்க்காதீர்கள், அந்த அழுத்தமே மீதிக் குட்டியையும் வெளியே தள்ளும். தறப்பாள் தவிர வேறெதிலும் தூக்காதீர்கள்.

விழுந்த குட்டியின் வயிற்றில் மஞ்சட் பை தொங்கினால் அது பிழைப்பது அரிது. பை இல்லாமல், முழு உருவத்தோடு அசைந்தால் தாயை விட்ட பிறகு அதையும் விடுங்கள். தாய் முதலில். இந்த வரிசையில் மனம் தடுமாறும், சின்னதைக் காப்பாற்றத்தான் எல்லோருடைய கையும் போகும். ஆனால் தாய் பிழைத்தால் அடுத்த சினைக்கு வழி இருக்கிறது.

10. முள் குத்தினால்

குத்துப்பட்டவரைக் கரையில் உட்கார வைத்து, காயத்தைச் சுத்தமான தண்ணீரில் கழுவுங்கள். இரத்தம் போனால் துணியால் அழுத்துங்கள். பிறகு காயம்பட்ட கையையோ காலையோ பொறுக்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். திருக்கையின் நஞ்சு புரதம், சூட்டில் குலைந்துவிடும், அதனால்தான் வலி இறங்குகிறது. தண்ணீர் 45 பாகை செல்சியசுக்கு மேல் போகக்கூடாது. சூட்டைக் காயம்படாத கையால் பாருங்கள். வலியில் மரத்த காலுக்குச் சூடு தெரியாது, தோல் வெந்துபோகும்.

சின்ன முள் துண்டு மேலாக நின்றால் குறடால் எடுக்கலாம். நெஞ்சு, வயிறு, கழுத்து ஆகிய இடங்களில் குத்தியிருந்தால் முள்ளை இழுக்காமல் அப்படியே அசையாமல் வைத்து 1990 சுவசெரிய ஆம்புலன்சை அழையுங்கள். இழுத்தால் பின்னோக்கிய பற்கள் உள்ளே கிழிக்கும். மண்ணெண்ணெய், சுண்ணாம்பு ஒன்றும் வைக்காதீர்கள். வலி போய்விட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்பு ஊசி போட்டு, உள்ளே துண்டு நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

11. செவுள் வலையிலும் தூண்டிலிலும்

படகில் இடம் இல்லை, ஆளும் இல்லை. அதனால் திருக்கையைப் படகுக்குள் ஏற்றாமல் ஓரத்தில் தண்ணீரிலேயே வைத்து வலையை வெட்டுவதுதான் சுகம். தலைப்பக்கத்து நூலை முதலில் வெட்டுங்கள், இறகை அடுத்து, வாலைக் கடைசியில். வாலை முதலில் விடுவித்தால் மீதி வேலை முழுக்க முள்ளோடு மல்லுக்கட்ட வேண்டும். உடம்பில் நூல் துண்டு சுற்றியிருக்க விட்டுவிடாதீர்கள். தங்கூசி (ஒற்றை இழை நைலான் நூல்) உக்காது, வளர வளர இறகை அறுக்கும். தங்கூசி வலை சட்டப்படி தடை என்பது தெரிந்ததே, ஆனாலும் வாவியில் இன்னும் கிடக்கிறது.

தூண்டில் வாய்க்குள் தெரிந்தால் குறடால் திருப்பி எடுங்கள். விழுங்கியிருந்தால் வாயோடு ஒட்டி நூலை வெட்டிவிட்டு விடுங்கள்.

12. அடுத்த முறை சிக்காமல் இருக்க

வலை தண்ணீரில் கிடக்கும் நேரத்தைக் குறைப்பதுதான் கையில் உள்ள வழி. அந்தியில் போட்டு விடிய எடுக்கும் வலையில் பல திருக்கைகள் செத்தே வரும். நடுவில் ஒருமுறை போய்ப் பார்த்தால் கூடுதலாக உயிரோடு கிடைக்கும், மற்ற மீனும் நண்டு கடிக்காமல் நல்ல விலைக்குப் போகும். எண்ணெய்ச் செலவு கூடும், அதை மறைக்கத் தேவையில்லை. இரண்டு படகு சேர்ந்து முறை போட்டுப் பார்த்தால் அந்தச் செலவு பாதியாகும்.

வலையின் ஈயக் கயிறு தரையில் படுத்துக் கிடந்தால் திருக்கை அதிகம் படும். சிறிது மேலே நிற்கும்படி கட்டினால் அடியால் போய்விடும். நண்டையோ இறாலையோ நம்பிப் போடும் வலைக்கு இது ஒத்துவராது, பாரைக்கும் சூடைக்கும் போடுவதற்குச் செய்து பார்க்கலாம்.

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் செவுள் வலையில் பச்சை எல்.ஈ.டி. விளக்கைக் கட்டிப் பார்த்தார்கள். 2022 இல் வெளியான முடிவின்படி சுறா, திருக்கை இனங்கள் சிக்குவது எடைக்கணக்கில் 95 சதவீதம் குறைந்தது, வேண்டிய மீன் குறையவில்லை. நம் கடலின் இனமும் கலங்கலும் வேறு, ஆகவே ஒரு வலையில் பாதிக்கு விளக்கும் பாதிக்கு வெறுமையும் வைத்து நீங்களே ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

அதற்குக் குறிப்பு வேண்டும். ஒரு பள்ளிக்கூடக் கொப்பி போதும்: தேதி, இடம், வலை வகை, எத்தனை மணி நேரம் கிடந்தது, என்ன திருக்கை, இறகு நுனியிலிருந்து மறு நுனி வரை அகலம், உயிரா செத்ததா. வால் அடியில் விரல் போல இரண்டு உறுப்பு தொங்கினால் ஆண், அதையும் எழுதுங்கள். உயிரோடு உள்ளதை அளக்க நிறுத்தி வைக்காதீர்கள், தறப்பாளில் ஓரடிக்கு ஒரு கோடு மையால் போட்டு வைத்தால் தூக்கும்போதே தெரியும். செத்ததை மட்டும் மேலும் கீழும் படம் எடுங்கள். ஒரு பருவக் கொப்பி சேர்ந்ததும் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடமோ, நாரா என்ற தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனத்திடமோ, கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறையிடமோ பிரதி கொடுங்கள். மூலக் கொப்பி வாடியிலேயே இருக்கட்டும், அடுத்த பருவம் எந்த மாதத்தில் எந்தப் பாட்டில் (வலை வளைக்கும் இடத்தில்) குட்டிகள் அதிகம் ஏறின என்று பார்த்து வலையை அந்த இடத்திலிருந்து தள்ளிப் போட அதுதான் வேண்டும்.